கோடு வரைக்கும்

டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குக் காதில் பென்சில் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. சுப்பையாவின் வலது காதில் முப்பது வருஷமாக ஒரு பென்சில் செருகியே இருக்கிறது. தூங்கும்போது மட்டும் எடுத்து வைப்பார் என்று லீலா சொல்லுவாள், அதுவும் சில நாள் மறந்து போகும். அவர்கள் பெற்ற ஒரே பெண் மனிஷாவும் பென்சிலை நம்பித்தான் இருந்தாள். என்ன, அவள் கோடு கிழிக்கவில்லை. கட்டையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கிற கரிக்குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதை மயில்துத்தத் தண்ணீரில் முக்கி, மின்சாரம் விட்டு, மேலே செம்பு பூசினாள். அந்தச் செம்புக் குச்சியைக் காஸ்டிக் சோடா கலந்த காரத்தண்ணீரில் நிறுத்தி, சோதிக்க வேண்டியதை ஒரு சொட்டு விட்டால், அதில் சர்க்கரை இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் கோடு மேடாக எழும்பும். இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷமாக அவளுக்கு இதே வேலை.

"ரெண்டு ரூவாய் குச்சிப்பா. நம்மூரு பக்கமெல்லாம் ரத்தம் குத்திப் பாக்கறதுக்கு ஹனூருக்குப் பஸ் ஏறிப் போறாங்கல்ல? இது வந்தா ஊட்டு வாசல்லயே பாத்துக்கலாம்" என்று அவள் ஒருமுறை விளக்கியபோது சுப்பையா முழுசாகக் கேட்டார்.

"நானும் முப்பது வருசமாப் பென்சிலு புடிக்கறேன். எனக்கு ஆரு பட்டம் குடுத்தாங்க?" என்றார்.

சொந்த ஊரான ராமாபுரத்தில் இருந்த மூன்று ஏக்கர் மானாவாரி இவர்களுக்கு என்றைக்கும் சோறு போட்டதில்லை. கல்யாணம் ஆன மறுவருஷமே மைசூருக்கு வந்துவிட்டார்கள். ஹெப்பாளில் ஒரு வரிசை வீட்டில் இரண்டு அறை, பின்னால் தகரக் கூரை போட்ட குளியலறை. சுப்பையா கட்டட வேலைக்குப் போனார். லீலா பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான், எட்டு மணி நேரமும் காலில் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. மனிஷா கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்து, எம்.எஸ்சி. முடித்து, ஆராய்ச்சியில் சேர்ந்தபோது, அந்த வரிசையில் முனைவர் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு லிங்கம்மா தன் முட்டியைக் காட்டினாள்.

யுகாதிக்கு முந்தின வாரம் மனிஷாவுக்கு ஒரு தேவை வந்தது. குச்சி பரிசோதனைத் தண்ணீரில் ஒழுங்காக வேலை செய்கிறது. இனி நிஜ மனிதர்களின் சிறுநீரில் வேலை செய்கிறதா என்று காட்ட வேண்டும். ஆரோக்கியமானவர்கள் ஐந்து பேர் வேண்டும். அதில் கோடு படுத்துக் கிடக்க வேண்டும். பிறகு இவளே அளந்து சர்க்கரை போட வேண்டும், போட்ட அளவுக்குக் கோடு எழும்ப வேண்டும். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அது. நாலு பேர் ஆய்வுக்கூடத்திலேயே கிடைத்தார்கள். ஐந்தாவது ஆளாக ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆண் வேண்டும் என்றபோது அவளுக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். ஒரு தலைவலி என்று படுத்தறியாத மனிதர்.

சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. இருபத்தெட்டு வயசுப் பெண் அப்பாவிடம் போய் எப்படிக் கேட்பது? அம்மாவிடம் சொன்னாள். லீலா அதைக் களி பரிமாறிக்கொண்டே புருஷன் காதில் போட்டாள்.

"ஏனுங்க, உங்கட்ட ஒண்ணு வேணுமாமா அம்மிணிக்கு."

"என்னது?"

"ஒண்ணுக்குத்தான்."

"ஒண்ணுன்னா என்ன ஒண்ணு? சொல்லித் தொலையேன்."

லீலா சொன்னாள். சுப்பையா கையிலிருந்த களி உருண்டையைக் கீரைக்குழம்பில் முக்காமலே விழுங்கிவிட்டார். அடுத்த அறையில் மனிஷா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதைப் போயி அது கையில எப்படிப்புள்ள குடுக்கறது?"

"நீங்க எங்க குடுக்கறீங்க? சன்னல்ல வெச்சுப்போட்டு நீங்க வேலைக்குப் போங்க. நான் சுத்திக் குடுத்துக்கறேன். படிப்புக்குங்க."

படிப்புக்கு என்ற பிறகு சுப்பையா மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஒப்புதல் படிவம் ஒன்று இருந்தது. அதைக் கன்னடத்தில் வரி விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்' என்ற இடத்தில் நின்றார். "இருக்கறனான்னு ஆரு கண்டது?" என்று சிரித்துவிட்டு, காதிலிருந்த பென்சிலால் கையெழுத்துப் போடப் போனார். மனிஷா ஓடி வந்து பேனா கொடுத்தாள். பிளாஸ்டிக் பாட்டிலை அம்மாவிடம் நீட்டி, "இந்தக் கோடு வரைக்கும் வேணும்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

காலையில் பாட்டில் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, சோற்று டப்பாவிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனாள். சரியாகக் கோடு வரைக்கும் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் நாலு பேருடையதும் படுத்துக் கிடந்தது. ஐந்தாவது எழும்பியது. அவள் சர்க்கரையே போடாமல், தானாக எழும்பியது. மனிஷா குச்சியை மாற்றினாள். எழும்பியது. புதிதாகச் செம்பு பூசி, கழுவி, காயவைத்து மறுபடியும் விட்டாள். அதே உயரம். ஆறு குச்சிகள், ஆறு தடவை. அப்பா ஒட்டிய டைல் ஒன்று போன மாதம் வரி விலகிப் போய்விட்டதென்று மேஸ்திரி சத்தம் போட்டதும், அவர் இளைத்திருப்பதும், மதியம் சோற்றுக்குப் பிறகு கண் சொருகுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வியாதி என்று ஒன்றை நினைத்துவிட்டால் அதற்குச் சாட்சி சொல்ல உடம்பில் ஆயிரம் பேர் வருவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். "அப்பா, உங்களுக்குச் சக்கரை இருக்குமாட்ட இருக்குது."

லீலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுப்பையாதான், "எனக்கா? போன வாரம் அஞ்சு மாடி சிமிட்டி மூட்டை சொமந்தேன்" என்றார். ஆனாலும் மறுநாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு பையன் ரத்தம் எடுத்தான், ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து மறைவைக் காட்டினான். யாரோ பையன்தானே, அவருக்குக் கூச்சமாக இல்லை. இரண்டு நாளில் முடிவு வந்தது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. மூன்று மாதச் சராசரியும் சரி. சிறுநீரில் சர்க்கரை இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லீலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏஞ்சாமி, நல்லாத்தான வந்திருக்குது? எதுக்கு வெசனப்படறே?"

"அப்பாவுக்குச் சக்கரை இல்லைன்னா என் குச்சி பொய் சொல்லுதும்மா."

"சொல்லட்டுமே."

"சொல்லட்டுமேன்னா? அஞ்சு வருசம்மா. இன்னும் மூணு வாரத்துல எல்லாரு முன்னாலயும் நின்னு இந்த ஆராய்ச்சியப் பத்திப் பேசோணும். குச்சி சரின்னா அப்பாவுக்கு வியாதி. அப்பா சரின்னா குச்சி தப்பு."

லீலா வெகுநேரம் யோசித்தாள். "ரெண்டும் சரியா இருக்கற மாதிரி ஒண்ணும் இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா" என்றாள் மனிஷா. அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அவளுடைய வழிகாட்டி அன்னபூர்ணி மேடம் ஒரு ரயில்வே குடும்பத்துப் பெண். தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், ஆய்வுக்கூடத்தில் இரண்டோடு இங்கிலீஷும் சேர்ந்த ஒரு பாஷை.

"நோடு மனிஷா, ரியல் சாம்பிள்னு வந்தாத்தான் எல்லார் வேலையும் பல்லை இளிக்கும். சுத்தத் தண்ணியில எல்லாரும் ராஜா" என்றார். "உங்கப்பா யூரின்ல சுகரைத் தவிர வேற என்னவோ இருக்கு, அது உன் காப்பரோட ரியாக்ட் ஆறது. யூரிக் ஆசிடோ, ஏதாவது மாத்திரையோ. அதைக் கண்டுபிடி. இல்லைன்னா அந்த சாப்டரை எடு. அஷ்டே, அவ்வளவுதான்."

"எடுத்தா ஆறு மாசம் தள்ளிப் போகும் மேடம்."

"தப்பான டேட்டாவோட நின்னா ஆறு வருஷம் தள்ளும்."

மேடம் சொன்னதில் தப்பில்லை. மனிஷா யூரிக் அமிலத்தைப் போட்டுப் பார்த்தாள். வைட்டமின் சி போட்டாள். அப்பா மூட்டுவலிக்கு என்றைக்கோ போட்ட மாத்திரையை அரைத்துப் போட்டாள். கோடு படுத்தே கிடந்தது. குச்சி எதற்கும் ஏமாறவில்லை. ஏமாறாத குச்சி அப்பாவிடம் மட்டும் ஏன் ஏமாந்தது? முதல் பாட்டிலை அன்றைக்கே விதிப்படி கொட்டிவிட்டார்கள், திரும்பப் பார்க்கவும் வழியில்லை. அவள் பஸ்ஸில் இறங்குமிடம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வைத்தோமா என்று மறுபடி வைத்தாள். பேசுகிற கூட்டத்துக்கு நாள் நெருங்க நெருங்க அவளுக்கு எதை நம்புவதென்றே தெரியவில்லை.

வீட்டில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதம் என்ன சொன்னாலும், மகளின் குச்சி ஒரு சொல் சொல்லிவிட்டதல்லவா? எதற்கும் இருக்கட்டும் என்று லீலா புருஷனுக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். சுப்பையாவுக்குக் காப்பி என்றால் உதட்டில் ஒட்ட வேண்டும். இப்போது கசாயம் மாதிரி இறங்கியது. அவர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்தார். ஆனால் லீலாவின் கை அளவு முப்பது வருஷப் பழக்கம், அது இரண்டு பேருக்கான சர்க்கரையைத்தான் அள்ளும். அள்ளியதைத் திருப்பிப் போடாமல் தன் டம்ளரிலேயே போட்டுக்கொண்டாள்.

யுகாதி கழிந்த வெள்ளிக்கிழமை, சுப்பையா டைல்ஸ் ஒட்டி முடித்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். வீட்டுக்காரர் ஒரு டப்பா நிறைய ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளி கொடுத்தனுப்பினார், நெய் வழிய, பன்னிரண்டு. சுப்பையா டப்பாவைத் திறந்து வாசம் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு."

"மூடுங்க. புள்ள என்ன சொல்லுச்சு?"

"ஆஸ்பத்திரில இல்லைன்னுட்டான்."

"அவன் சொன்னா? நம்ம புள்ள அஞ்சு வருசம் படிச்சுச் சொல்லுது."

மனிஷா இரண்டு தின்றாள். லிங்கம்மா வீட்டுக்கு மூன்று போனது. மீதி ஏழு. கெட்டுப் போகப் போகிறதே என்று லீலா மூன்று நாளில் அதைத் தின்று தீர்த்தாள். புருஷன் வாய்க்குப் போக வேண்டியதைத் தான் தின்கிறோமே என்று அவளுக்குச் சங்கடம்தான். கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு தின்றாள். அந்த வருஷம் சித்திரை பிறக்கும் முன்னேயே வெயில் கொளுத்தியது. தகரக் கூரை உருகி விழுந்துவிடும் போல இருந்தது. லீலா கம்பெனிக்கு இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போனாள், போதாமல் அங்கேயும் பிடித்துக்கொண்டாள். "அனலு" என்றாள். ரவிக்கை தொளதொளத்தபோது, "வேல ஜாஸ்தி" என்றாள். ஷூ கடித்த கட்டைவிரல் புண் ஒரு மாதமாக ஆறாமல் இருந்ததற்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக்கொண்டாள். வீட்டில் எல்லோரும் சுப்பையாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சுக்கு ஆறு நாள் இருந்தபோது மனிஷா இன்னொரு பாட்டிலை அம்மாவிடம் கொடுத்தாள். சுப்பையா இந்த முறை மறுக்கவில்லை. வெட்கம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது போல. மறுநாள் பாட்டில் செய்தித்தாளுக்குள் காத்திருந்தது, கோடு வரைக்கும்.

குச்சி எழும்பியது. முன்னைவிட உயரமாகவே எழும்பியது.

மனிஷா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து மேசையில் இருந்த பரத்வாஜ் எட்டிப் பார்த்தான். அவனும் ஆராய்ச்சி மாணவன், அவனுடையதுதான் இரண்டாவது சாம்பிள்.

"மெடிக்கல் ஷாப்ல சுகர் பாக்கற ஸ்டிரிப் விக்கறாங்க. ஒண்ணை முக்கிப் பாத்துடேன்" என்றான்.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறது என்பது இதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோதனைக் குழாயில் செய்து பார்க்கிற விஷயம். இரண்டு வாரமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. தன் குச்சி சரியா தப்பா என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டவளுக்குக் கடையில் விற்கிற ஸ்டிரிப் எப்படி நினைவுக்கு வரும்? ஓடிப்போய் ஒரு டப்பா வாங்கி வந்தாள். முக்கினாள். நீலமாக இருந்த கட்டம் பச்சையாகி, பச்சை பழுத்துக் காவி நிறமாயிற்று.

பரத்வாஜ் புதிதாகக் கொடுத்த பாட்டிலில் ஒன்றை முக்கினாள். நீலம் நீலமாகவே இருந்தது.

ஆகக் குச்சி பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியும் பொய் சொல்லக் காரணமில்லை. அப்பாவின் உடம்பில் சர்க்கரை இல்லை, அப்பாவின் பாட்டிலில் சர்க்கரை இருக்கிறது. காலையில் பாட்டிலில் ஏதாவது விழுந்திருக்குமா? சன்னலில் காப்பித் தூள் டப்பா பக்கத்தில் வைத்தார்களா? மேடத்திடம் ஒன்றும் சொல்லாமல், ஸ்டிரிப் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நாலு மணிக்கே பஸ் ஏறிவிட்டாள்.

ஹெப்பாளில் இறங்கும்போது முதல் மழை இரண்டு தூறல் போட்டுவிட்டு நின்றிருந்தது. மண் சூடாக மணத்தது. வீட்டில் சுப்பையா அன்றைக்குச் சீக்கிரம் வந்து, பின்கட்டில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் வெள்ளைச் சிமிட்டி போகாமல் பிரஷ் போட்டுத் தேய்த்தார். லீலா ஷிஃப்ட் முடிந்து வந்து, யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் காப்பி வைத்திருந்தாள். மனிஷா செருப்போடு உள்ளே வந்ததைப் பார்த்து, "என்ன சாமி?" என்றாள்.

மனிஷாவுக்குக் கூச்சம் போய்விட்டது. அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, அந்தப் பாட்டில எங்க வெச்சீங்க?"

சுப்பையா மகளைப் பார்க்காமல் முழங்கையைத் தேய்த்தார். "சன்னல்ல."

"மூடி போட்டீங்களா?"

"போட்டேன்."

"பாட்டில் உள்ள முன்னாலயே ஏதாச்சும் இருந்துச்சா? தண்ணி, காப்பி?"

"இல்லியே."

"கோடு வரைக்கும் நீங்கதான ரொப்புனீங்க?"

சுப்பையாவுக்குக் காது சிவந்துவிட்டது. "அதைப் போயிக் கேக்கறியே அம்மிணி" என்றார். பிறகு பிரஷைத் தரையில் வைத்தார். "அவ்வளவு எங்க வருது? வெடியால எந்திரிச்சு, நீ அந்தண்ட அறையில இருக்கறேங்கற நெனப்புலயே வரமாட்டீங்குது. அடியில ஒரு வெரக்கடதான் இருந்துச்சு. போதும்னு வெச்சுப்போட்டுப் போயிட்டேன். ரெண்டு வாட்டியும் அப்படித்தான்."

"எனக்குக் கோடு வரைக்கும் இருந்துச்சேப்பா."

அடுப்பில் காப்பி பொங்கியது. லீலா அதை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பாமலே நின்றாள்.

"அம்மா."

"என்ன?"

"நீ தண்ணி கிண்ணி ஊத்துனியா?"

"தண்ணி ஊத்துவனா? படிப்புச் சமாச்சாரத்துல கலப்படம் பண்ணுவனா நானு?" லீலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்பினாள். "நீ கோடு வரைக்கும்னு சொன்னே. இவுரு அடியில காட்டி வெச்சுப்போட்டுப் போயிட்டாரு. கொறையா எப்படிக் குடுத்து உடறது? ஒரு ஊட்டுக்கு மோரு குடுத்தாக்கூட நாங்க கொறையாக் குடுக்க மாட்டோம். நாலு பேரு படிக்கற எடத்துக்கு, இவுருக்கு இவ்வளவுதான்னு போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

"அதனால?"

லீலா முந்தானையால் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கைதான். "அதனால என்ன? மீதிய நான் ரொப்பிப்போட்டேன். ஒரே ஊடு, ஒரே கொழாத்தண்ணி, ஒரே களி. அவுருது வேற என்றது வேறயா?"

மனிஷாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன செய்வது? குச்சி பொய் சொல்லவில்லை, ஐந்து வருஷமும் வீண் போகவில்லை என்று நெஞ்சுக்குள் ஒன்று துள்ளிக் குதித்தது. ஒரே ஒரு கணம்தான். அடுத்த கணம் அம்மாவின் தொளதொளத்த கோட்டையும், சுவரோரம் இருந்த இரண்டு லிட்டர் பாட்டிலையும், மஞ்சள் பூசிய கட்டைவிரலையும் அவள் கண் பார்த்தது. இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள்ளேதானே இவையெல்லாம் இருந்தன என்று நினைத்தபோது, முந்தின கணத்துச் சந்தோஷத்துக்காக அவளுக்கு உடம்பு கூசியது.

"அம்மா, நீ போய்..." என்று சொல்லிப் பையைத் துழாவினாள். ஆய்வுக்கூடத்துப் பாட்டில் ஒன்று பையில் இருந்தது. நீட்டினாள்.

லீலா அதை வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்தது, பாதிதான் புரிந்தது. பின்கட்டுத் தகரக் கதவு கிறீச்சிட்டது. சுப்பையா ஈரக் கையோடு படியில் உட்கார்ந்திருந்தார். "ஒப்பிட்டு ஏழு தின்னா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "எனக்கு ஆகாதுன்னு சொல்லிச் சொல்லி அவ தின்னா."

லீலா வெளியே வந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தாள். "கோடு வரைக்கும் இருக்குது பாரு. இதுல ஆருதும் கலக்கல" என்றாள்.

மனிஷா தரையில் உட்கார்ந்து ஸ்டிரிப்பை முக்கி எடுத்தாள். மூன்று தலைகளும் அதன்மேல் குனிந்தன. நீலம் பச்சையாகியது. பச்சை நிற்கும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அது நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பார்த்த காவியையும் தாண்டி, டப்பாவில் அச்சடித்திருந்த கடைசிக் கட்டத்தின் நிறத்துக்குப் போய் நின்றது.

சுப்பையா எட்டி மனைவியின் காலைப் பிடித்துத் திருப்பி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போகல. காத்தால நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார் அவர்.

"கம்பெனில சொல்லாம லீவு போடக் கூடாதுங்க."

"கம்பெனி கெடக்குது."

லீலா மகளைப் பார்த்தாள். "அப்ப உன்ற குச்சி பொய் சொல்லலியா?"

"இல்லம்மா."

"நான் ஊத்துனதால உன்ற பரிச்சைக்கு ஒண்ணும் ஆயிராதில்ல?"

"அப்பாவோடத வெச்சு மறுபடியும் பண்ணிக்குவேன். ஒண்ணும் ஆகாது."

"இவுருக்கு ஒண்ணும் இல்லியே? நல்லாக் கேட்டுக்கோ. இவுருக்குத் துளிகூட இல்லியே?"

"இல்லம்மா. அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல."

லீலா முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்றை எடுத்துக் காப்பி ஊற்றினாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து, இரண்டு பேருக்கான அளவையும் அள்ளி அந்த ஒரு டம்ளரில் போட்டாள். நன்றாக ஆற்றி, கொண்டு வந்து புருஷன் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு வாரமா வாயக் கட்டிக் கொன்னுபோட்டேன். குடிங்க" என்றாள்.

சுப்பையா டம்ளரைக் கையில் எடுத்தார். மகளைப் பார்த்தார். மனிஷா அம்மாவின் காலடியில் தலை குனிந்து, அந்தக் கட்டைவிரலில் இருந்த மஞ்சளை அவள் முந்தானை நுனி ஈரத்தால் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள்.